கிரஷ் சுவரில் ஆடி மாதக் கடல்

தேவிகுளத்துக்குக் கீழே, தேயிலைச் சரிவின் நடுவே, தகரக்கூரை போட்ட ஒரு கிரஷ் இருக்கிறது. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு மலையேறுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பாலாற்றி, மூக்குத் துடைத்து, தூங்கவைக்கும் ஆயா கத்தரீனாள். நாற்பத்தெட்டு வயது. பேச்சு வரத் தொடங்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது. ‘கத்தரிக்கா ஆயா’ என்றுதான் வரும். அவளும் அதற்கே திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள்.

அவள் கடலை வரைகிறவள் என்று சொன்னால், முதல் தடவை கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் இந்த எஸ்டேட்டில்தான். ஆனால் ஒன்பது வயதிலிருந்து பதிமூன்று வயதுவரை, குமரிக் கடற்கரையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு போர்டிங்கில் இருந்தாள். வீட்டில் ஐந்து பிள்ளைகள். ஒருத்தியாவது படிக்கட்டும் என்று அனுப்பிவைத்தார்கள். போன புதிதில் அவளுக்குக் கடலைப் பிடிக்கவே இல்லை. ஓயாமல் இரைகிற இதை யாராவது கொஞ்ச நேரம் நிறுத்தக்கூடாதா என்று ஒரு சிஸ்டரிடம் கேட்டிருக்கிறாள். பிறகு அவளுடைய கட்டில் ஜன்னலோரத்துக்கு மாறியது. ஜன்னலுக்கு அந்தப்பக்கம் மணல், மாதா கோயில் கொடிமரம், வள்ளங்கள், தண்ணீர். எட்டாம் வகுப்பில் கணக்குப் பாடம் காலை வாரிவிட, பெட்டியோடு மலையேறி வந்தாள். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருடம் கடல் பக்கம் போகவில்லை. ஏக்கம் என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. நேரம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

வரைய வைத்தது ஒரு ஈரக்கறை. இரண்டாயிரத்துப் பதினெட்டில் மலையே கரைந்துவிடும்போல மழை பெய்ததே, அந்த வருடம் கிரஷ்ஷின் பின்சுவர் ஈரம் குடித்து, இடுப்பு உயரத்துக்குச் செம்பழுப்பாக ஒரு கறை படர்ந்தது. சுண்ணாம்பு அடித்தார்கள், ஒரே மாதத்தில் கறை மேலே வந்தது. மறுபடி அடித்தார்கள்; மறுபடி வந்தது. ஒரு மத்தியானம், பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்த நேரம், கத்தரீனாள் அந்தச் சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவந்து, கறையின் மேல்விளிம்பை ஒட்டி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நேராக ஒரு கோடு இழுத்தாள். கோட்டுக்குக் கீழே இருந்தது கடலாகிவிட்டது.

எஸ்டேட் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் மிச்சம் வைத்துப்போன டப்பாக்களை அவள் கணவன் ஏசுரத்தினம் கேட்டு வாங்கிவந்தான். தேயிலைத் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் பகுதியில் அவனுக்கு வேலை. பிள்ளைகள் தூங்கும் ஒன்றரை மணி நேரம்தான் அவளுக்குக் கிடைக்கும். அலை, பாய் விரித்த வள்ளம், கொடிமரம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. கண்ணை மூடினால் உப்புப் பிசுபிசுப்பில் கழுத்தோடு ஒட்டிய முடியும், கொடியில் நாள் கணக்கில் காயாத பாவாடையும்தான் முதலில் நினைவுக்கு வரும். அந்தப் பிசுபிசுப்பு விரலுக்கு வந்த பிறகுதான் பெயின்டைக் குழைப்பாள். குழைத்தால் பழுப்புதான் வரும்.

பிள்ளைகளுக்குப் பிடித்துவிட்டது. பெரியவர்களுக்குத்தான் பிடிக்கவில்லை.

“இது என்ன, கடலா, கட்டன்சாயாவா?” என்றான் ஏசுரத்தினம். “கடல்னா நீலமால்ல இருக்கும்?”

“நீங்க கடலப் பாத்திருக்கீங்களா?”

“காலண்டர்ல பாத்திருக்கேன்.”

“காலண்டர்ல நானும்தான் பாத்திருக்கேன். இது நான் ஜன்னல்ல பாத்த கடலு.”

கொழுந்தெடுக்கும் சந்தனமேரி, பிள்ளையை விட வரும்போதெல்லாம் சுவரைப் பார்த்து, “ஒரு கிளாஸ் ஊத்துக்கா, குடிச்சிட்டுப் போறேன்” என்பாள். ஏசுரத்தினம் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் மூடி திறக்காத நீலப் பெயின்ட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கிரஷ் மூலையில் வைத்துவிட்டுப் போனான். கத்தரீனாள் அந்த நீலத்தை எடுத்துக் கதவுக்கு இரண்டு கோட்டிங் அடித்தாள்.

வெளியே வீறாப்பாக இருந்தாலும் உள்ளே சந்தேகம் தட்டியது. இத்தனை வருடம் தேயிலைக்கு நடுவில் இருந்து, தலைக்குள் இருக்கிற கடலிலும் சாயம் இறங்கிவிட்டதோ? எல்லோரும் சொல்கிறார்கள், தான் ஒருத்தி சொல்வது எப்படிச் சரியாக இருக்கும்? ஈஸ்டருக்குள் நீலமாக்கிவிடலாம் என்றுகூட மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

அந்த டிசம்பரில்தான் கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த ஃபாதர் ரிஜினைப் பார்க்க அவருடைய அம்மா அன்னமேரி வந்தாள். ரிஜின் குமரிக் கடற்கரைக்காரர். அன்னமேரி முப்பது வருடம் மீன் விற்றவள். கடற்கரை ஏலத்தில் கூவிக் கூவி ஊரையே கூப்பிடுகிற குரல் அவளுக்கு. தேவிகுளத்துக் குளிரில் குரங்குத் தொப்பியும், மகனுடைய ஸ்வெட்டரும், அதற்கு மேல் ஒரு கம்பளியுமாக, பிள்ளைகளுக்கு கேக் கொடுக்க மகனோடு கிரஷ்ஷுக்குள் நுழைந்தாள். நுழைந்தவள் கேக் பெட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

“இதாரு வரஞ்சது?”

கத்தரீனாள் பிள்ளைகளுக்கு நடுவிலிருந்து எழுந்தாள். கடலிலேயே கிடந்து வளர்ந்தவள் முன்னால் மாட்டிக்கொண்டோமே என்று, “நான்தான். கலரு தப்பாப் போச்சு, மாத்திருவேன்” என்றாள்.

“தப்பா? மாத்தினா கையை ஒடிப்பேன்” என்றாள் அன்னமேரி. “மோளே, இது ஆடி மாசத்துக் கலங்கலாக்கும். அடியில கெடக்க சேறெல்லாம் மேல வந்து, கரையில நின்னா காலு தெரியாது. ஏ ரிஜினு, நீயே பாரு. நம்ம ஊட்டு முற்றத்துல நிண்ணா இப்படித்தானே கெடக்கும்?”

ஃபாதர் சுவருக்குக் கிட்டே போய், தள்ளி வந்து, மறுபடியும் கிட்டே போய்ப் பார்த்தார். “ஆமாம்மா. கடல் தொழிலுக்குப் போவாண்டாம்னு அப்பாவைப் பிடிச்சு வைப்பியே, அந்தத் தண்ணிதான் இது” என்றார்.

கத்தரீனாள் மனத்துக்குள் மாதங்களை எண்ணினாள். ஆடி என்றால் பள்ளிக்கூடம் திறந்து முதல் மழை முடிந்த மாதம். போர்டிங்கில் ஜன்னலோரக் கட்டில் கிடைத்ததும் அப்போதுதான். அவள் பார்த்தது பொய்யில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

அன்னமேரி விடவில்லை. கம்பளிக்குள்ளிருந்து ஒரு விரலை நீட்டினாள். “தண்ணி சரி. ஆனா இது என்ன கூத்து? பாய் அந்தப் பக்கம் ஊதிக் கெடக்கு, கொடி இந்தப் பக்கம் பறக்கு. வள்ளத்துக்கு ஒரு காத்து, மாதாவுக்கு ஒரு காத்தா?”

அறை முழுக்கச் சிரிப்பு. எதற்கென்று தெரியாமல் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

“கொடி அப்படித்தான் பறந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு” என்றாள் கத்தரீனாள். ஒரு சாட்சி கிடைத்ததும் அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

“அப்பம் பாயை மாத்து.”

“பாயை மாத்துறேன். கொடியத் தொட மாட்டேன்.”

அன்னமேரி இருந்த பத்து நாளும் கிரஷ்ஷுக்கு வந்தாள். பாய் இப்படிச் சாய வேண்டும், கயிறு இங்கே கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். கத்தரீனாள் பாதியைக் கேட்பாள், பாதியைக் கேட்காததுபோல இருப்பாள். புறப்படும் நாளில் அன்னமேரி, “ஈஸ்டர் கழிஞ்சு ரெண்டு பேரும் ஊருக்கு வரணும். வரலேன்னா நான் திரும்பி இந்தக் குளிருக்கு வரமாட்டேன்” என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனாள்.

போனார்கள். பஸ் மாறி, பஸ் மாறி, ஒரு காலை எட்டு மணிக்கு அன்னமேரி வீட்டு முற்றத்தில் போய் நின்றார்கள். எதிரே கடல் கண்ணாடிபோல விரிந்து கிடந்தது. நீலம். காலண்டரில்கூட அப்படி ஒரு நீலம் இருக்காது.

ஏசுரத்தினம் பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்தான். “எவ்வளவு பெரிய நீலம் பாத்தியா! நான் சொன்னேனா இல்லியா?”

கத்தரீனாள் மணலில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். “சித்திரையில நீலம்தான். ஆடியில வாரும், காட்டுகேன்” என்று அன்னமேரி அவனோடு மல்லுக்கட்டினாள். அவன் அதைக் காதில் வாங்குகிற நிலையில் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முட்டளவு தண்ணீரில் பிள்ளைபோல நின்றான்.

அவள் நோட்டும் வண்ணப் பெட்டியும் கொண்டுபோயிருந்தாள். மூன்று நாளும் ஒரு கோடுகூட விழவில்லை. கடல் முன்னால் இருக்கும்போது எதை வரைவது? ஒன்றைப் பார்ப்பதற்குள் அது வேறாகிவிடுகிறது. பெட்டியை மூடி வைத்துவிட்டு, அன்னமேரி பொரித்துப் போட்ட நெத்திலியைத் தின்றாள். மத்தியான வெயிலில் மணலில் நடந்து உள்ளங்கால் சுட, ஓடிப்போய்த் தண்ணீரில் நின்றாள். அந்த இரைச்சலிலேயே அயர்ந்து தூங்கினாள்.

மலைக்குத் திரும்பி ஒரு மாதம் ஒன்றும் செய்யவில்லை. பிறகு கிரஷ்ஷின் வலதுபக்கச் சுவரில் வேலையைத் தொடங்கினாள். ஏசுரத்தினம் இந்தத் தடவை நம்பிக்கையோடு இருந்தான். அந்த நீலத்தை இரண்டு பேருமாகச் சேர்ந்து பார்த்திருக்கிறார்களே. மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், சுவர் முழுக்க வெள்ளை. சுள்ளென்று அடிக்கிற உச்சிவெயில் வெள்ளை. கீழே சுடுமணலின் மஞ்சள், நடுவில் மயிரிழைபோல ஒரு சாம்பல் கோடு.

“நீலத்த எங்கடி?”

“அது கண்ணுலதாங்க இருந்துச்சு. கால்ல இருந்தது இதுதான்.”

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சுவர் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். “சுடத்தான் செய்யுது” என்று ஒத்துக்கொண்டான்.

இப்போது எஸ்டேட் டிஸ்பென்சரிக்காரர்கள் தங்கள் நீளச் சுவரையும் அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஏணியோடு போய்விடுகிறாள். கடலுக்குள் நீளும் ஒரு பாலம், அதன் ஓரத்தில் கட்டிய நான்கு வள்ளங்கள்வரை வந்திருக்கிறது. வானம் இன்னும் முடிவாகவில்லை. மருந்து வாங்க வரிசையில் நிற்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். போன வாரம் இருமலோடு வந்த சந்தனமேரி, ஒரு திமிங்கிலத்தையாவது போடச் சொல்லி அரைமணி நேரம் வாதாடினாள். யோசித்துச் சொல்கிறேன் என்று கத்தரீனாள் ஏணி மேலிருந்தே பதில் சொல்லியிருக்கிறாள்.