எந்தக் கரை

காலையில் வேனில் ஏறுகிறவர்கள்: ஓட்டுகிற அபூ ஹஸன், எகிப்திலிருந்து வந்த மிஸ்ரிக்காரர். அவருக்குப் பக்கத்தில் நேபாளத்துப் பகதூர். பின் சீட்டில் வங்காளத்து ரபீக். கடைசியில் நான், இலங்கைக் கற்பிட்டிக்காரன். குவைத்தில் ஒரு மீன் சந்தையின் ஐஸ் அறையில் எங்களுக்கு வேலை. வேன் நின்றதும் முதலாளி எங்களில் யாருக்காவது ஃபோன் எடுப்பார். "வஸல்தும்?" என்பார். வந்து சேர்ந்துவிட்டீர்களா என்று அர்த்தம். மற்றவர்கள் "வஸல்னா" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நான் எடுத்தால் "வஸல்னா, மீன் சந்தை, பின் வாசல்" என்பேன். தினமும் அதே வாசல்தான். "பின் வாசல் எங்கயும் ஓடிப் போயிருமா, பாய்?" என்று ரபீக் தன் ஹிந்தியில் கேட்டுச் சிரிப்பான். நான் வேனிலிருந்து இறங்கிவிடுவேன்.

இந்தப் பழக்கம் உம்மா மௌத்தான பிறகு வந்தது. அதற்கு முன் நானும் ஒற்றைச் சொல்காரன்தான்.

தம்பி நிஸாம் ஊரிலிருந்து ஃபோன் எடுத்தான். "நானா, உம்மா மௌத்து. நாளைக்கு அஸர் வரைக்கும் வெச்சிருப்பம். அதுக்கு மேல ஏலாது." "ஓம்" என்றேன். எங்கள் மார்க்கத்தில் மையத்தை, இறந்த உடலை, காக்க வைப்பதில்லை. விடிகாலை விமானத்தில் இடம் கிடைத்தது. நேரத்துக்குப் போனால் பகலில் கட்டுநாயக்கா விமான நிலையம், அங்கிருந்து வேனில் கற்பிட்டி. பின்னேரத் தொழுகையான அஸருக்கு முன் முகம் பார்க்கலாம். மையத்தைத் தூக்குகிற சந்தூக்குக்குத் தோள் கொடுக்கலாம். வேறொன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

விமானம் கடலுக்கு மேல் வந்த பிறகு கொஞ்சம் சரிந்து திரும்பியது. வெயில் இடப்பக்க ஜன்னலிலிருந்து வலப்பக்கத்துக்குப் போனது. கடலில் திரிந்தவனுக்கு அது போதும். பைலட் இங்கிலீசில் ஏதோ சொன்னார். பக்கத்து சீட்டில் ரோஸ்மேரி என்று ஒரு சிலாபத்துப் பெண், வீட்டு வேலை முடித்து ஊர் போகிறவள். "நானா, ஒரு இஞ்சின்ல ஒயில் குறையுதாம். மஸ்கட்டுக்குப் போறாங்களாம்" என்றாள். வந்த வழியிலேயே பின்னால் இருக்கிற ஊர் அது. விமானப் பணிப்பெண்ணை நிறுத்தினேன். "மை மதர் ஃபினிஷ்" என்றேன். வளைகுடாவில் நாங்கள் பேசுகிற இங்கிலீசு அவ்வளவுதான். அந்தப் பிள்ளை பதறி, "எந்த சீட்?" என்று கேட்டாள். "கற்பிட்டி" என்றேன். அவள் சீட்டு எண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே டாக்டர் தேடிப் போனாள். ரோஸ்மேரி பின்னால் ஓடி விளங்கப்படுத்த வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் கீழே கரை தெரிந்தது. மணலுக்கு நடுவில் ஒரு சின்ன ஓடுபாதையும் தெரிந்தது. அதைத் தாண்டிப் போனோம். ரோஸ்மேரிக்குக் கோபம். "அந்தா ஒரு எயார்போட் கிடக்கு. அதில இறக்கினா கையா முறியும்?"

எனக்கு அது விளங்கியது. எங்கள் ஊர்ப்பக்கம் உச்சமுனைக்கு வெளியே இரண்டில் ஒரு இஞ்சின் இருமத் தொடங்கினால் கிட்டக் கிடக்கிற மணல்திட்டுக்கு யாரும் படகை விடுவதில்லை. அங்கே அலை உடைகிறது. ஏறினாலும் திருத்த ஆளில்லை, சாமான் இல்லை, ஆட்களை ஏற்றிப் போக இன்னொரு படகு வராது. மற்ற இஞ்சின் இழுக்கிற வரைக்கும் இழுத்து, இஞ்சின் திருத்துகிற பாஸ் இருக்கிற கரைக்குத்தான் போவோம். இழுக்கிறது என்பதற்காக ஆழ்கடல் பக்கமும் போகமாட்டோம். "கிட்டத்தான் இருக்கு, தங்கச்சி. ஆனா இவ்வளவு பெரிசு அதில ஏறாது" என்றேன்.

"நானா ப்ளேனும் ஓட்டியிருக்கீங்களோ?"

"வள்ளம்."

"அப்ப சரி. மீனுக்கு ஐஸ் போட்டாச்சா எண்டும் கேட்டுச் சொல்லுங்க." பயத்தில்தான் அப்படிப் பேசினாள். கையில் செபமாலை இருந்தது.

மஸ்கட்டுக்கு மேல் வந்தும் இறங்கவில்லை. சுற்றினோம். கொழும்பு வரைக்கும் அடித்த எண்ணெய் வயிற்றில் கிடக்கிறது, அந்தப் பாரத்தோடு இறங்கினால் சில்லு தாங்காது, கொஞ்சம் வெளியே விடுகிறார்கள் என்று ரோஸ்மேரி கேட்டுச் சொன்னாள். ஜன்னலால் பார்த்தேன். இறக்கைக்குப் பின்னால் வெள்ளையாக நூல் போல் போய்க்கொண்டிருந்தது. ஊரில் அந்நேரம் உம்மாவைக் குளிப்பாட்டியிருப்பார்கள்.

இறங்கினோம். ஓடுபாதை ஓரத்தில் தீயணைப்பு வண்டிகள் நின்றன. ஒன்றும் நடக்கவில்லை. என் ஃபோன் அங்கே வேலை செய்யவில்லை. ரோஸ்மேரி தன்னுடையதைத் தந்தாள். "சுருக்கா, நானா. சார்ஜ் சாகப் போகுது." தம்பிக்குக் குரல்பதிவு அனுப்பினேன். "நிஸாம், கரை பிடிச்சிட்டம். பயப்படாதீங்க." கடலுக்குப் போனவன் திரும்பியதும் சொல்கிற சொல் அது. எந்தக் கரை என்று எங்கள் ஊரில் கேட்பதில்லை. ஒரு கரைதான் இருக்கிறது.

இஞ்சினில் கோளாறு என்று நிஸாமுக்குத் தெரியாது. விமானம் கட்டுநாயக்காவில் இறங்கிவிட்டது என்று நினைத்தான். மையவாடிக்குத் தூக்கத் தயாராக நின்றவர்களை மறித்தான். "நானா இறங்கிட்டார். இந்தா வந்திடுவார்." அஸர் போனது. திரும்பி அந்த நம்பருக்கு எடுத்திருக்கிறான், ஃபோன் செத்துக் கிடந்தது. பொழுது பட்டு மஃரிபும் போனது. சந்தூக்கைச் சுற்றி மீன் பெட்டி ஐஸைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். நானோ மஸ்கட்டில், மாற்று விமானம் வரும் என்று கதிரையில் இருந்தேன். அஸரோடு அடக்கியிருப்பார்கள் என்று எண்ணி, இருந்த இடத்திலேயே உம்மாவுக்காகத் துஆக் கேட்டு முடித்திருந்தேன். "மையத்தைத் தாமதிக்க வேணாம்" என்று இமாம் கோபப்பட்ட பிறகு, இரவுத் தொழுகை இஷாவுக்குப் பின் அடக்கியிருக்கிறார்கள்.

அடுத்த நாள் விடியத்தான் வீட்டு வாசலில் இறங்கினேன். ஐஸ் கரைந்த ஈரம் இன்னும் சீமெந்தில் இருந்தது. நிஸாம் என் பையை வாங்கவில்லை.

"மஸ்கட் எண்டு ஒரு சொல்லு. அதுக்கு வாய் நோகுமா, நானா?"

"நோகாது."

"உம்மாவ ஐஸ்ல வெச்சம்."

"ஓம்."

பிறகு அவனே மையவாடிக்குக் கூட்டிப் போனான். ஆளுக்குப் பிடி பிடியாக மண் போட்டு கபுறுக் குழியை மூடியாகிவிட்டது. தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் கோப்பை நிறைய மண் இருந்தது. "உங்கட பங்கு. ஆக்கள போட விடல்ல" என்றான். செருப்பைக் கழற்றினேன்.

இப்போது ஐஸ் அறைக் கதவைத் திறக்கிற ஒவ்வொரு காலையிலும் குளிர் முகத்தில் அடிக்கும்போது அந்த சீமெந்து ஈரம் கண்ணில் வருகிறது. நிற்பது குவைத். வந்து சேர்ந்த இடத்தை முதலாளிக்கு முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். உம்மாவுக்கு நான் செய்யக் கிடைத்தது கோப்பையில் இருந்த மண்தான்.

மூன்று பிடி.