தொடைத் தசைக்கும் காவல் தந்தார்

பின்தொடையில் யாரோ கல்லெறிந்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை. அடுத்த அடி வைக்க முடியாமல் மைதானத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

என் பெயர் கிரேஸ். கோலார் தங்கவயலில் இருக்கும் சாம்பியன் ரீப்ஸ்தான் எங்கள் ஊர். பெங்களூரில் ஒரு பெண்கள் கிளப்பில் கால்பந்து விளையாடுவது என் தொழில். போன வருடம் ஈஸ்டர் முடிந்த வாரத்தில், அதே வலது காலில், பின்தொடையின் ஹாம்ஸ்ட்ரிங் தசை இப்படி இரண்டாவது முறையாகக் கிழிந்தது. இன்னொரு முறை கிழிந்தால் அடுத்த சீசனில் இடமில்லை என்று கோச் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். வீட்டுக்கு வந்து அழுதேன்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் சபையார் எல்லோரும் எனக்காக மன்றாடினார்கள். மெல்ல மெல்ல வலி போனது. பயம் போகவில்லை. இந்தக் காயம் மறுபடியும் வராமல் காத்துக்கொள்ளும் ஆண்டவரே என்பதே என் ஜெபமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் கிளப்புக்குப் புதிதாக ஒரு பிசியோ அக்கா வந்தார். வலி நின்றதால் தசைக்குப் பலம் வந்துவிட்டதாக நினைக்காதே என்றார். வேகமாக ஓடும்போது, கால் முன்னால் நீளும் நொடியில்தான் அது கிழிகிறதாம். நீளும்போதே தாங்கிப்பிடிக்க அதைப் பழக்க வேண்டுமாம். முழங்காலில் நின்று, ஒருவர் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்ள, இடுப்பை மடக்காமல் மெதுவாக முன்னால் சாயச் சொல்லிக்கொடுத்தார்.

ஊருக்குப் போயிருந்தபோது வீட்டில் அம்மாவைப் பிடிக்கச் சொன்னேன்.

"முட்டி போட்டதும் நீ ஜெபம் பண்ணப் போறேன்னு நெனச்சேன். இது இன்னா கூத்து?" என்று சிரித்தார். பிறகு கணுக்கால்களை அழுத்திப் பிடித்தபடியே அவரே ஜெபிக்கத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, பாதியிலேயே பாயில் விழுந்தேன்.

காலில் பலம் ஏறியது. ஆனாலும் பயிற்சியில் அடக்கியே ஓடினேன். அதுதான் ஆபத்து என்றார் பிசியோ அக்கா. முழு வேகம் பழகாத தசை, ஆட்டத்தில் திடீரென்று ஓடினால் தாங்காதாம். வாரா வாரம் வேகத்தைக் கூட்டினார். முழு வேகத்தில் ஓட வேண்டிய நாள் வந்தது. காலையில் அம்மாவுக்கு போன் செய்தேன்.

"பயமா கீதும்மா," என்றேன்.

"இருந்தா இருக்கட்டும். சொல்லிக்குடுக்க ஆள அனுப்புனவரு, ஓடறப்போ உட்டுட்டுப் போவாரா? நீ ஓடு," என்றார்.

ஓடினேன். முடிவுக் கோட்டைத் தாண்டி நின்று தொடையைத் தொட்டுப் பார்த்தேன். வலியே இல்லை. அங்கேயே ஸ்தோத்திரம் சொன்னேன்.

அந்த சீசனில் ஒரு ஆட்டத்தைக்கூட நான் தவறவிடவில்லை. இப்போது எங்கள் அணியில் எல்லோருமே ஜோடி ஜோடியாக அந்தப் பயிற்சியைச் செய்கிறோம். முன்பெல்லாம் அடிபட்ட பிறகு சுகம் கேட்பேன். இப்போது அடிபடாத ஒவ்வொரு நாளுக்கும் நன்றி சொல்கிறேன்.

பிரியமானவர்களே, பயத்தோடு இருக்கிறவர்கள் அதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். பதில் சில நேரம் ஒரு மனுஷியாக வந்து, தினமும் செய்ய வேண்டிய வேலை ஒன்றைக் கையில் கொடுக்கும். அதைத் தள்ளிவிடாதீர்கள்.