கோடியக்கரைக்கு ஸ்டெல்லா ஓட்டினாள்

கிறிஸ்துமஸ் முடிந்த சனிக்கிழமை காலை ஆறேகாலுக்குத் தஞ்சாவூரிலிருந்து கிளம்பினோம். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை சுமார் நூற்றுப்பத்து கிலோமீட்டர். பூச்சிமருந்து, களைக்கொல்லி விற்பனைக்காகப் பல வருடம் நான் கார் ஓட்டிய சாலைதான். ஆனால் வலது கண்ணில் பார்வை போனதால், இனி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நின்றுகிடந்த காரை விற்றுவிடலாம் என்றேன். என் மனைவி ஸ்டெல்லா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். இன்று சரியாகப் போய்த் திரும்பினால் கார் இருக்கட்டும், இல்லாவிட்டால் விற்றுவிடலாம் என்பது அவளே வைத்த ஏற்பாடு. அவள் ஊர் எல்லையைத் தாண்டி ஓட்டுவது இதுதான் முதல் முறை. பின்னால் எங்கள் மகள் அனிதா, எட்டாம் வகுப்பு.

எதிரே லாரி வந்தபோதெல்லாம் என் கால் தானாகத் தரையை மிதித்தது.

“காலை எடுங்க. அங்க பிரேக் இல்ல,” என்றாள் ஸ்டெல்லா, சாலையிலிருந்து பார்வையைத் திருப்பாமல்.

வேறு வேலை இல்லாமல் வெளியே பார்த்தேன். சம்பா கதிர்விட்டு நின்றது. வாய்க்கால் கரை முழுக்க நெய்வேலிக் காட்டாமணக்கு ஊதாவாகப் பூத்திருந்தது. பள்ளத்துத் தண்ணீரில் அல்லி, வரப்பில் தும்பை. அனிதா கேட்கக் கேட்கப் பெயர் சொன்னேன். எல்லாம் நான் களை என்று மருந்து விற்ற செடிகள்.

“இவ்ளோ அழகா இருக்கே, இதுக்காப்பா மருந்து அடிக்கிறாங்க?” என்றாள்.

“பயிருக்குள்ள வந்தாதான் களை. கரையில இருந்தா பூதான்,” என்றேன்.

திருத்துறைப்பூண்டி தாண்டி ஒரு குறுகிய பாலத்தில் பாதி தூரம் ஏறியபின் எதிரே பேருந்து வந்து நின்றது. பின்னால் எடுக்க வேண்டியது நாங்கள்தான். இருபுறமும் கைப்பிடிச் சுவர், கீழே மழைத் தண்ணீர். நான் வாயைத் திறந்தேன். ஸ்டெல்லா அதற்குள் ரிவர்ஸ் கியர் போட்டுவிட்டதைப் பார்த்து மூடிக்கொண்டேன். நடத்துநர் இறங்கி வந்தார்.

“பதறாதீங்கம்மா. நேரா வாங்க... லேசா இந்தப் பக்கம் ஒடிங்க... அப்படியே வாங்க.”

ஓர் இடத்தில் வண்டி அணைந்துபோனது. மறுபடி கிளப்பினாள். பாலத்தை விட்டு இறங்கி ஓரம் கட்டியதும் பேருந்து கடந்தது. “நல்லா எடுத்தீங்கம்மா,” என்றார் ஓட்டுநர். அடுத்த டீக்கடையில் ஸ்டெல்லா வண்டியை நிறுத்தி இரண்டு டீ குடித்தாள்.

வேதாரண்யத்தை நெருங்கும்போது முல்லைத் தோட்டங்களின் வாசனை காருக்குள் வந்தது. பிறகு மழைநீர் நிறைந்த உப்பளங்கள், தூரத்தில் பூநாரைகள். பத்தரை மணிக்குக் கோடியக்கரைக் காட்டை அடைந்தோம். முள்வேலி மேல் செங்காந்தள் படர்ந்து தீப்பிடித்ததுபோல் பூத்திருந்தது. அனிதா கை நீட்டியதும் வனக்காவலர் தடுத்தார்.

“தொட வேணாம் பாப்பா. கிழங்கு, பூ எல்லாமே விஷம். பார்க்கலாம், எவ்ளோ நேரம் வேணாலும்.”

அரைமணி நேரம் பார்த்தோம். அப்பால் புல்வெளியில் ஒரு வெளிமான் எங்களைப் பார்த்து நின்றது.

கடற்கரையில் படகுகளின் அருகே ஓர் அம்மாள் இறால் பிரித்துக்கொண்டிருந்தார். கிலோ முந்நூற்றைம்பது. ஒரு கிலோ கேட்டோம்.

“அப்பாவா ஓட்டிக்கிட்டு வந்தாரு?” என்று அனிதாவைக் கேட்டார்.

“இல்லக்கா, அம்மா.”

“தஞ்சாவூர்லேருந்தா?” ஸ்டெல்லாவை ஏற இறங்கப் பார்த்து, எடை போட்ட இறாலின் மேல் இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டார்.

ஸ்டெல்லா முழங்கால் தண்ணீரில் நின்று, “வண்டிய விக்க வேணாம்ங்க,” என்றாள்.

“வேணாம்,” என்றேன்.

பிற்பகல் திரும்பும்போது மன்னார்குடி தெப்பக்குளத்தைப் பார்த்தது நினைவிருக்கிறது. பிறகு விழித்தபோது கார் எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தது. அனிதா உள்ளே போய்விட்டாள். ஸ்டெல்லா மட்டும் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“வந்து ரொம்ப நேரமாச்சா?”

“கொஞ்ச நேரம்தான். நல்லா தூங்கிட்டிருந்தீங்க,” என்றாள்.

அந்தச் சாலையில் நான் தூங்கியது அதுதான் முதல் தடவை.