இரண்டு பேர் இழுக்கும் மூடி

மிச்சம் என்ற புறநகரில், டிராம் பாதைக்கு அருகே நாங்கள் வாங்கிய வீட்டின் பின்வளவில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. மண் போட்டு நிரப்பிவிடலாம் என்றேன். மனைவி விடவில்லை. முழங்கால் வலிக்கு நீந்தும்படி வைத்தியர் சொல்லியிருந்தார். பொதுக் குளத்துக்குப் போக அவளுக்குக் கூச்சம். குளோரின் ஊற்றினால் தோல் கடிக்கிறது என்றாள். அதனால் உப்புநீர்க் குளமாக மாற்றினோம். ஐம்பத்திரண்டு வயதில் நீந்தப் பழகினாள். நான் பழகவேயில்லை. குளத்தைப் பராமரிப்பதுதான் என் வேலை.

ஒவ்வொரு மே மாதமும் குளத்தைத் திறப்போம். குளிர்காலம் முழுவதும் மேலே கிடந்த பச்சை மூடியில் மழைநீரும் அழுகிய இலைகளும் தேங்கியிருக்கும். நீரை இறைத்துவிட்டு, இருவரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இழுப்போம். "தூக்கிப் பிடியுங்கோ, ஊத்தையெல்லாம் உள்ளுக்கை விழுது!" என்று அவள் கத்துவாள்.

போன இலையுதிர் காலத்தில் மகளுக்குக் குழந்தை பிறந்தது. மனைவி டொரொண்டோவுக்குப் போனாள். ஏப்ரல் கடைசியில் திரும்புவதாகப் பேச்சு. அதற்கு ஒரு வாரம் முன்னர் போன் எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, நான் இப்ப வரேலாது போல கிடக்கு. பிள்ளை திரும்ப வேலைக்குப் போறாள். குழந்தையை ஆர் பாக்கிறது?"

"எப்ப மட்டும் அங்கை நிக்க வேணும்?"

"மார்கழி மட்டும் எண்டு வையுங்கோவன்."

"அப்ப குளம்?"

"மூடினபடி கிடக்கட்டும். நீங்கள் நீந்திறனீங்களே?"

அவள் சொன்னது சரிதான். ஆனாலும் மே மாதத்தில் வெயில் எறித்த ஒரு சனிக்கிழமை காலை, சப்பாத்தை மாட்டிக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. அன்று செய்வதற்கு வேறு வேலையும் இருக்கவில்லை.

பக்கத்து வீட்டில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு பெண் வைத்தியர் இருக்கிறார். நான் மூடியின் மூலையைப் பிடித்து இழுக்கத் தொடங்கியதும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"அங்கிள், தனியாவா இழுக்கிறீங்க? அஞ்சு நிமிஷம் இருங்க, நான் வர்றேன்."

"வேண்டாம் பிள்ளை, நான் சமாளிப்பன்."

வந்தால், ஆன்ட்டி எப்போது வருவார் என்று கேட்பார். அதற்குப் பயந்துதான் அப்படிச் சொன்னேன். சற்றுத் தயங்கி நின்றுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

பாதி மூடி வரைக்கும் எப்படியோ இழுத்துவிட்டேன். அதற்கு மேல் நனைந்த இலைகளின் பாரம் மறுபக்கம் சாய்ந்தது. விட்டுவிடாமல் பிடித்ததுதான் பிழை. கால் வழுக்கி, மூடியோடு சேர்ந்து தண்ணீருக்குள் விழுந்தேன்.

குளிரில் மூச்சு நின்றுபோனது. நல்லகாலம், ஆழமில்லாத பக்கம். எழுந்து நின்றால் நெஞ்சளவுதான். கண்ணைத் துடைத்ததும் முதலில் அவள் சமைக்கும் குசினியின் யன்னலைத்தான் பார்த்தேன். அவள் இருந்திருந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். யன்னலில் தண்ணீர்க் கேத்தல் மட்டும் தெரிந்தது. கறுத்த இலைகள் சுற்றி மிதக்க, அந்தக் குளிரிலும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

பிறகு ஏறி, உடை மாற்றி, தேநீர் குடித்தேன். மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தெடுத்து, இலைகளை வலையால் அள்ளவே அன்று பின்னேரமாகிவிட்டது. பம்பை ஓடவிட்டு, தண்ணீர் தெளிய ஒரு வாரம் காத்திருந்தேன். வெயில் கொஞ்சம் சூடேற்றியபின் இரண்டு மூட்டை உப்பைக் கொட்டி, அடியில் தங்காமல் தூரிகையால் தேய்த்துக் கரைத்தேன்.

விழுந்த கதையை அவளுக்கு அதன் பிறகுதான் சொன்னேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போன் திரையில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது.

"தலையிலை அடிபட்டிருந்தா ஆருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

நான் போனை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"ஓம்," என்றேன்.

வருகிறேன் என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. குழந்தை அழத் தொடங்கியது. பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

அடுத்த நாளே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, எப்போது வேண்டுமானாலும் வந்து நீந்தலாம் என்றேன். "கண்டிப்பா வர்றேன் அங்கிள்," என்றார். ஷிப்டுக்கு மேல் ஷிப்ட். பாவம், வரவே முடியவில்லை.

அந்தக் கோடை முழுவதும் தண்ணீரில் இறங்கியவன் நான் மட்டுந்தான். பின்னேரங்களில் விளிம்பைப் பிடித்தபடி, நெஞ்சளவு தண்ணீரில், ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நடப்பேன். பிறகு திரும்பி நடப்பேன்.