பிழை காட்டாத நிரல்

மச்சான் பருத்திக்காட்டில் சாய்ந்து இறந்து, காரியமெல்லாம் முடிந்த பிறகு, அக்கா திருச்சுழியிலிருந்து பஸ் ஏறி அருப்புக்கோட்டையில் என் வீட்டுக்கு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு மெமரி கார்டை நீட்டினாள். சாவு வீட்டு நெரிசலில் மச்சானின் போனை யாரோ தண்ணீர் அண்டாவுக்குள் தவறவிட்டிருந்தார்கள்.

"அவுக போன்ல பேசுனதெல்லாம் இதுல பதிவாயிருக்கும் தம்பி. நீ கம்ப்யூட்டர் வேலைதான பாக்குற. ஒரு தடவ கேட்டாப் போதும்."

லேப்டாப்பில் போட்டதும் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. அக்காவின் முகம் தெளிந்தது. எதை அழுத்தினாலும் திறக்கவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து நகலெடுக்கப் பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். முதல் கோப்பிலேயே சிவப்பு எழுத்தில் பிழை காட்டி நின்றுவிட்டது. மற்றவையாவது வரட்டுமே என்று, பிழை வந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்ததற்குப் போகும்படி இரண்டு வரி சேர்த்தேன். இந்த முறை கடைசிவரை ஓடியது.

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "செவப்பே வரலயே. எல்லாம் வந்துருச்சா?"

நகல்கள் விழ வேண்டிய இடத்தில் ஒரே ஒரு கோப்புதான் கிடந்தது. பிழைகளை விழுங்கச் சொன்னவன் நான், அது விழுங்கியிருந்தது. ஒவ்வொரு பிழைக்கும் காரணத்தை எழுதிக் காட்டும்படி மாற்றி ஓட்டினேன். படிக்க முடியவில்லை, படிக்க முடியவில்லை என்று திரை நிறைய ஒரே வரி.

"பேரு இருக்குல்ல? பின்ன ஏன் தொறக்க மாட்டேங்குது?"

"பேரு மட்டுந்தான்க்கா இருக்கு. உள்ள அழிஞ்சுபோச்சு."

"அந்த ஒண்ணு வந்துச்சே?"

அதன் அளவைப் பார்த்தேன். பூஜ்யம். பிழையில்லாமல் திறந்ததற்குக் காரணம், உள்ளே எதுவுமே இல்லாததுதான்.

"அவுக பேச ஆரம்பிக்கும்போது தொண்டையச் செருமுவாக. அதாச்சும் கேக்குதானு பாரு தம்பி."

"இல்லக்கா."

அவள் அழவில்லை. "சரி, போய்ட்டு வாரேன்" என்று கிளம்பினாள். கார்டைக் கேட்கவில்லை.

மதுரையில் கெட்டுப்போன கார்டுகளை மீட்கும் கடையிலும் கொடுத்துப் பார்த்தேன். அங்கும் கைவிரித்துவிட்டார்கள். போனில் சொன்னபோது அக்கா "ம்" என்றாள்; பிறகு, அங்கே மழை உண்டா என்று கேட்டாள். அன்று மச்சானின் குரலை நினைவுபடுத்திப் பார்த்தேன். எனக்கே சரியாக வரவில்லை.