கால்வாயோர வீடுகளும் ஒன்பதாவது ஆலோசனையும்

ஆலோசனை கூறுவது எளிய தொழில் என்று எண்ணுவோர், ஆலோசனைக் குழு ஒன்றில் அமர்ந்து அறியாதவர்கள். சங்கம், கமிட்டி, சபை என்று ஏதேனும் ஒன்றில் உறுப்பினராயிருந்து, ஆறிப்போன காபியையும் ஆறாத மனத்தாங்கலையும் ஒருசேர விழுங்கிய அன்பர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நான் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஃபிட்டராயிருந்து ஓய்வு பெற்றவன். பள்ளியில் பெற்ற கல்வி சிறிது. எஞ்சியதை நானே தேடிக் கற்றேன். நீலசந்திராவில் எங்கள் தெருவை ஒட்டி ஓடும் மழைநீர்க் கால்வாயைப் பற்றி நாளேடுகளுக்கு இடைவிடாது கடிதம் எழுதி வந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் மாநகர நிர்வாகம் சுற்றுச்சூழலுக்கென்று ஓர் ஆலோசனைக் குழு அமைத்தபோது, பொதுமக்கள் சார்பில் என்னையும் அதில் சேர்த்தார்கள். கடிதங்கள் நின்றுவிடும் என்று நினைத்திருக்கலாம்.

பார்க்கலாமா, கூடாதா?

குழுவின் பணி இன்னதென்று வரையறுப்பதே எங்கள் முதல் வேலை. தலைவர் ஓய்வு பெற்ற பேராசிரியர்; கண்ணியமானவர். அவர் எதிரில் நான் எழுந்து, முதலில் எங்கள் கால்வாயை அனைவரும் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். மேட்டிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு தன் கழிவறைக் குழாய்களை அதில்தான் திறந்து விட்டிருந்தது. மழை பெய்தால் அந்த நீர் நேரே, கால்வாயோரம் வசிக்கும் முனியம்மா வீட்டு முன்னறைக்குள் புகும். முனியம்மா இட்லிக் கடை நடத்தியது அந்த முன்னறையில்தான். கணவனை இழந்தபின் இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்ததும் அதை நம்பித்தான்.

குழுவின் செயலாளர் நிர்வாகத்திலிருந்து வந்த அதிகாரி. என் கோரிக்கை விதிக்குப் புறம்பானது என்றார். நான் திகைத்து, பார்ப்பதில் என்ன குற்றம் என்று வினவினேன். அவர் பொறுமையாகவே விளக்கினார்: “பாத்துட்டுச் சொன்னா அது இன்ஸ்பெக்‌ஷன் சார். பாக்காம சொன்னாதான் அட்வைஸ்.”

முதலிடம் யாருக்கு?

அடுத்து, எதற்கு முன்னுரிமை என்ற விவாதம். பேராசிரியருக்கு ஏரிகள், ஆலை அதிபர்களின் பிரதிநிதிக்கு ஆட்டோக்களின் இரைச்சல், பூங்காச் சங்கத்து அம்மையாருக்குச் சாலையோரம் குல்மோகர் மரங்கள். நான் விடவில்லை. மலம் மிதக்கும் நீரில் ஒருத்தி மாவுப் பானையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பதை எடுத்துரைத்தேன்.

முடிவில் ஒன்பது ஆலோசனைகள் எழுதினோம். அடுக்குமாடிக் கழிவுநீரை அடைப்பது முதலாவது. கால்வாய் ஓரத்து வீடுகளில் வசிப்போருக்கு அருகிலேயே மாற்றிடம் தராமல் அவற்றைத் தொடலாகாது என்பது ஒன்பதாவது. அந்த வாசகம் முழுவதும் என் கையால் எழுதப்பட்டது. கூட்டம் கலைந்ததும் அம்மையார் என்னிடம் வந்தார்: “அய்யா, உங்க சாக்கடைக்காக என் குல்மோகரை ரெண்டாவதா இறக்கியிருக்கேன். மறந்துடாதீங்க.”

கீழிருந்து மேலாக

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில், முனியம்மாவின் மூத்த பெண் மூச்சிரைக்க என் வாசலுக்கு வந்து அழைத்தாள். சென்று பார்த்தேன். முன்னறைச் சுவரில் சிவப்புச் சாயத்தால் கோடு இழுத்திருந்தார்கள். வரிசையிலுள்ள எல்லா வீடுகளிலும் அதே கோடு. ஒரு வாரத்தில் இடிப்பார்களாம். யாருடைய உத்தரவு என்று அங்கு நின்ற மாநகர நிர்வாகத்தின் இளம் எஞ்சினியரைக் கேட்டேன். உங்கள் குழுவின் ஆலோசனைதான் என்று அவர் தாளை எடுத்துக் காட்டினார். கோப்பில் ஏற்றும்போது சுருக்கியிருக்கிறார்கள். ஒன்பதாவது இடத்தில் ‘கால்வாயோர வீடுகள்’ என்ற தலைப்பு மட்டும் எஞ்சியிருந்தது.

முதலாவதை விட்டு ஒன்பதாவதில் ஏன் கை வைத்தீர்கள் என்று தட்டுத்தடுமாறிக் கேட்டேன். அடுக்குமாடிக்காரர்களுக்கு வக்கீல் இருக்கிறார். ஏரிக்கு வேறு இலாகா. மரத்துக்கு மழைக்காலம் வர வேண்டும் என்று அடுக்கினார். பிறகு ஒளிவுமறைவின்றிச் சொன்னார்: “உங்க வரிசை எது முக்கியமோ அதைப் பாத்துப் போட்டது பெரியவரே. எங்க வரிசை, எது சீக்கிரம் முடியுமோ அது.”

இட்லி தின்னச் சென்ற குழு

அவசரக் கூட்டம் கூட்டச் செய்தேன். ஆலோசனையைத் திரும்பப் பெற முடியுமா என்று பார்த்தால், வழங்க மட்டுமே குழுவுக்கு அதிகாரம் உண்டாம். பேராசிரியர் முகம் வெளுத்துப்போனார். முழு வாசகத்தையும் மீண்டும் அனுப்புவது, நிர்வாகம் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பதைக் குழுவின் விதிகளிலேயே சேர்ப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. பின்னர் அவர் செயலாளரை நோக்கி, மறுநாள் காலை தாம் நீலசந்திராவில் சிற்றுண்டி அருந்தப் போவதாகவும், அதற்கு விதியில் தடை இராதென நம்புவதாகவும் அறிவித்தார்.

சொன்னபடி அம்மையாரையும் அழைத்து வந்தார். பலகையில் அமர்ந்தவர்கள் சிவப்புக் கோட்டைப் பார்த்தார்கள். வாசலுக்கு எதிரே கால்வாயைப் பார்த்தார்கள். அம்மையார் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார். பேராசிரியரால் இரண்டாம் விள்ளலை விழுங்க இயலவில்லை. முனியம்மா சட்னி வாளியோடு வந்து நின்று அவரைத் தேற்றினாள்: “சாப்பிடுங்க சார். இன்னும் மழை வரல, இன்னிக்கு நாத்தம் கம்மிதான்.”

எழுத்தில் வந்த பதில்

பதில் வந்தது. குழுவின் கருத்தை நிர்வாகம் பெரிதும் மதிக்கிறதாம். மாற்றிடம் பரிசீலனையில் உள்ளதாம். ஆகவே வீடுகளை முழுமையாக இடிக்காமல், கோட்டுக்கு வெளியே நீண்டிருந்த முன்னறைகளை மட்டும் அகற்றிவிட்டார்களாம். நாங்கள் அதைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் வேலை முடிந்திருந்தது.

ஓடினேன். அடுப்பு தெருவில் கிடந்தது. முன்னறை இருந்த இடத்தில் ஆகாயம் தெரிந்தது. மேட்டிலிருந்து குடியிருப்பின் நீர் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தது. இரு பெண்களும் தட்டுகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். முனியம்மா என்மீது கோபம் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் முக்காலியைத் துடைத்துப் போட்டு, உட்காரச் சொல்லிவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டாள்: “மாமா, இனிமே அங்க யார் கேட்டாலும், எங்களுக்கு நல்லதா ஒண்ணும் சொல்லிடாதீங்க.”

எங்கள் ஒன்பது ஆலோசனைகளில் இன்றளவும் நிறைவேறியிருப்பது அந்தக் கடைசி ஒன்று மட்டுமே, அதிலும் நாங்கள் எழுதாத பாதி.