பித்தக் குழாய்க்குள் காற்று

எழுபத்திரண்டு வயதில் எனக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை, எட்டு மாதம். மனைவி மௌத்தாகி நான் தனித்த பிறகு, கல்முனைக்குடியில் மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டின் பின்னறையில் இருந்தேன். கக்கூஸ் பக்கத்திலேயே இருந்தது. அதை விட்டுத் தூரம் போகப் பயம்.

பள்ளிவாசலுக்குத் தொழப் போகாததுதான் பெரிய வேதனை. தொழுகைக்குக் கைகால் கழுவிச் செய்த வுளு வாசலுக்கு வருவதற்குள் முறிந்துவிடும். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்று மௌலவி வீட்டுக்கே வந்து சொன்னார். அது எனக்கும் தெரியும். தொழுகை வரிசையில் பக்கத்தில் நிற்பவருக்கு நாற்றம் அடித்துவிட்டால் என்ற வெட்கத்துக்கு யார் சலுகை தருவது? வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் இருப்பேன்.

வயிற்றுப் பூச்சிக்கு மருந்து, மாதுளங்கோதுக் கசாயம் எல்லாம் குடித்தேன். சாரன் இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்தேன். இடைக்கிடை குளிர்காய்ச்சலும் வந்தது. புற்றுநோயோ என்று மகள் பயந்து, மட்டக்களப்புக்கு ஸ்கேன் எடுக்க வாடகைக்கு வான் பிடித்தாள். பிரயாணத்துக்காக எனக்குப் பேம்பர்ஸ் கட்டிவிட்டது மருமகன். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அங்கே ஒரு பெண் டொக்டர் ஸ்கேன் படத்தை நெடுநேரம் பார்த்தார். பித்தக் குழாய்களுக்குள் காற்று நிற்பதாகவும், அங்கே காற்று இருக்கக் கூடாது என்றும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, முந்தி எப்பயாவது வலப்பக்கம் விலாவுக்குக் கீழ கடுமையா வலிச்சதா?"

மகள் இல்லையென்றாள். நான் "ஓம்" என்றேன்.

பேதி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன், மகள் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்று வந்த கிழமை நாலு நாள் அப்படி வலித்தது. சந்தோசத்தைக் கெடுக்கக் கூடாதென்று வாய்வு மருந்தைக் குடித்துவிட்டுப் பேசாமல் கிடந்தேன். அந்த நேரத்தில் பித்தப்பைக் கல் அரித்து, பெருங்குடலுக்குள் ஓட்டை போட்டிருக்கிறது. பித்தநீர் நேரே பெருங்குடலுக்குள் இறங்கியதால் பேதி; குடல் கிருமி மேலே ஏறியதால் காய்ச்சல். வயதானவர்களுக்கு அபூர்வமாக வரும் என்றார் டொக்டர்.

"ஏன் வாப்பா சொல்லல்ல?" என்றாள் மகள்.

முதலில் வாய் வழியாகக் குழாய் விட்டு, பித்தக் குழாயில் சிக்கியிருந்த இன்னொரு கல்லை எடுத்தார்கள். என் இருதயம் தாங்குமா என்று பார்த்துவிட்டு, மூன்று கிழமைக்குப் பின் வயிற்றைத் திறந்து பித்தப்பையை அகற்றி, குடல் ஓட்டையைத் தைத்தார்கள். பேதி நின்றது. பயம் நிற்க இன்னும் இரண்டு மாதம் எடுத்தது. இப்போது பள்ளிக்குப் போகிறேன், கடைசி வரிசையில் வாசலோரம் நிற்கிறேன்.

காலையில் மகள் வந்து எங்கே நோகிறது என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்றால் நம்பமாட்டாள். விலாவுக்குக் கீழே அமத்திப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி தருவாள்.